யும்னாவுக்குத் தெரியக் கூடாது

— ஒரு நாள் இல்ல மச்சான், ஆறு நாளா! தினமும் காலையில பக்கத்து வீட்டு வடிவேலு அண்ணன் கதவைத் திறந்தா வாசல்ல ஒரு பிடி இக்கான் பிலிஸ் கருவாடு. டிஷ்யூ பேப்பர்ல அழகா வெச்சு, பக்கத்துல ஒரு வெள்ளரித் துண்டு.

— வெள்ளரியுமா? சோறும் முட்டையும் வெச்சா நாசி லெமாக் சாப்பாடே ஆயிடும்லா.

— சிரிக்காதீங்க. லிஃப்ட்ல என்னைப் பிடிச்சுக்கிட்டார். பன்னிரண்டு மாடி இறங்குற வரைக்கும் அந்த மனுஷன் பேச, நான் தரையைப் பார்க்க. "ஏம்மா ருக்சார், உன் பொண்ணு என் வாசல்ல கருவாடு வெச்சுட்டு ஓடுறா. கதவு ஓட்டை வழியா நானே பார்த்தேன். நேத்து என்னை நிறுத்தி, 'அங்கிள், உங்க பாத்டப்புல தண்ணி போதுமா'ன்னு கேட்கிறா. என் வீட்ல பாத்டப்பே இல்லையேம்மா"ன்னார்.

— நீ என்ன சொன்னே?

— என்னத்தைச் சொல்ல? "மன்னிச்சுக்குங்கண்ணே, மூணு வாரமா உங்க பாத்ரூம்ல நாங்க ஒரு நீர்நாய் வளர்க்கிறோம்"னு சொல்லவா?

— சரி, முதல்ல உட்காரு ருக்கு. தண்ணி குடி. கண்ணாடிக் கடை திறந்து பத்து நிமிஷம்தான் ஆகுது. கண்ணு டெஸ்ட் பண்ண வர்றவங்க உன் முகத்தைப் பார்த்தா அப்படியே திரும்பி சிராங்கூன் ரோட்டைத் தாண்டி ஓடிடுவாங்க. இதுக்காகவா செங்காங்லேர்ந்து எம்ஆர்டி ரயில் ஏறி வந்தே? ஃபோன்ல சொல்லக் கூடாதா?

— ஃபோன்ல சொன்னா "ஸ்டெடி லா ருக்கு, கவலைப்படாதே"ன்னு சொல்லிட்டு வெச்சிடுவீங்க. அதான் நாம கதை எழுதுற நோட்டையும் கையோட எடுத்துட்டு வந்தேன். இன்னிக்கு சனிக்கிழமை, யும்னா மதரஸாவுலேர்ந்து ஒரு மணிக்குத்தான் வருவா. அதுக்குள்ள ஒரு முடிவு தெரியணும். இந்தக் கதையை இன்னிக்கே முடிக்கிறோம். முடிச்சுட்டு அவகிட்ட உண்மையைச் சொல்றோம். சொல்லிட்டேன்.

— உண்மையைச் சொன்னா அப்புறம் அவ இந்த நோட்டைத் தொடுவாளா?

— தொட மாட்டா. எனக்குத் தெரியாதா? அந்தப் பயம் உங்களைவிட எனக்குத்தான் அதிகம். போன வருஷம் அவளோட பழைய தமிழ் டீச்சர் என்னைக் கூப்பிட்டு உட்கார வெச்சு, "உங்க மகளுக்கு வாசிக்கிற ஆர்வமே இல்லம்மா"ன்னு சொன்னாங்களே, அன்னிக்கு நீங்களா போய் உட்கார்ந்தீங்க? பாலிகிளினிக்ல டோக்கன் குடுத்துக்கிட்டு இருந்தவ, அரை நாள் லீவு போட்டுட்டுப் போய் அதைக் கேட்டுட்டு வந்தேன்.

— அதுக்கப்புறம் நாம சும்மாவா இருந்தோம்? லைப்ரரியிலேர்ந்து எட்டுப் புத்தகம். நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டுற அட்டவணை. பத்துப் பக்கம் படிச்சா அரை மணி நேரம் ஐபேட்.

— பத்துப் பக்கத்தையும் சர்ர்ருனு புரட்டிட்டு ஐபேடைக் கேட்டா. எட்டுப் புத்தகமும் சோஃபா பக்கத்துல அப்படியே கிடந்துச்சு. நான்தான் தூசி தட்டித் திருப்பிக் குடுத்தேன்.

— பொம்மை வெச்சுக் கதை சொன்னேனே நான்.

— நீங்க சிங்கம் மாதிரி கத்தினதுல கீழ் வீட்டுப் பாப்பாத்தி அக்கா என்னாச்சுன்னு மேல வந்துட்டாங்க. அதெல்லாம் எதுவும் வேலைக்கு ஆகல மச்சான். வேலைக்கு ஆனது இந்த நோட்டு ஒண்ணுதான்.

— அதைத்தான் நானும் சொல்றேன்! ஆண்டவன் நமக்கு வழி காட்டியிருக்கான். யோசிச்சுப் பாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஃபிரிட்ஜ் மேல கிடக்கிற நோட்டு. தமிழ்ல பேசினா அவளுக்குப் புரிஞ்சிடும், இங்கிலீஷ்ல எழுதினா படிச்சிடுவா, தமிழ்ல எழுதினாத்தான் ஒண்ணும் புரியாதுன்னு நம்ம ரகசியத்தை எல்லாம் இதுல எழுதினோம். பிறந்தநாளுக்கு என்ன வாங்குறோம், என் தங்கச்சி ஜரீனா வர்றதுக்கு முன்னாடி எதை எல்லாம் ஒளிச்சு வைக்கணும்...

— அதை எழுதினது நீங்க. உங்க தங்கச்சி விஷயத்துல நான் வாயே திறக்கிறதில்ல.

— சரி, நான்தான். கடைசியில ஐஸ்கிரீம்ல மாட்டினா பாரு.

— யா அல்லாஹ், அதை மறக்க முடியுமா? "ஐஸ்கிரீம் பட்டாணிப் பாக்கெட்டுக்கு அடியில"ன்னு நான் எழுதி வெச்சேன். மறுநாள் பார்த்தா டப்பா பாதி காலி. நீங்க தின்னீங்கன்னு உங்களைத் திட்டினேன்.

— எவ்வளவு திட்டினே!

— நீங்க இல்லன்னு தெரிஞ்சதும் எனக்கு அப்படியே உடம்பு சிலிர்த்துப் போச்சு. நீங்க இல்லன்னா அவதான். அவ எடுத்தான்னா அவ படிச்சிருக்கா. தமிழ் எழுத்தைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிற பிள்ளை, உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிச்சிருக்கா. பாத்ரூமுக்குள்ள போய்த் தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதேன் மச்சான். சந்தோஷத்துல.

— அன்னிக்கு ராத்திரி நாம போட்ட பிளான் இருக்கே, அது எந்தப் பேராசிரியருக்கும் தோணாது. தினமும் ஒரு பக்கம். ஒரு நாள் நீ, ஒரு நாள் நான். பிள்ளைக்குப் படிக்க வசதியா ரெண்டு பேரும் பெரிய பெரிய எழுத்தா, அச்சடிச்ச மாதிரி. மேல சிவப்புப் பேனாவுல "யும்னாவுக்குத் தெரியக் கூடாது."

— அந்தச் சிவப்பு என் யோசனை.

— நீர்நாய் என் யோசனை. காலாங் ஆத்துலேர்ந்து வழி தவறி வந்த நீர்நாயை வடிவேலு காப்பாத்தி பாத்டப்புல ஒளிச்சு வெச்சிருக்கார்னு எழுதினேன் பாரு, அன்னிலேர்ந்து பிள்ளை சாப்பாட்டு மேசையில நம்ம ரெண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்குது. திருட்டுப் பூனை பார்க்கிற மாதிரி.

— அந்தப் பார்வைதான் எனக்குப் பிடிக்கல இப்போ. புதன்கிழமை தலை வாரிவிட்டுக்கிட்டு இருந்தேன். திடீர்னு, "அம்மா, நீங்களும் அத்தாவும் எனக்குத் தெரியாம ஏதாவது செய்வீங்களா"ன்னு கேட்டா.

— ஐயோ. நீ?

— "அதெல்லாம் ஒண்ணும் இல்லமா"ன்னேன். அவ கண்ணாடியில என்னையே பார்த்தா. பார்த்துட்டு, "ஓகே மா"ன்னு சொல்லி என் கன்னத்துல ஒரு முத்தம் குடுத்துட்டுப் போயிட்டா. பெத்த பிள்ளை முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லிட்டேன் மச்சான். நாளைக்கு வடிவேலு அண்ணன் "வா, வந்து பாரு"ன்னு கதவைத் திறந்து காட்டிட்டார்னா? நீர்நாயும் இல்ல, பாத்டப்பும் இல்ல. அவ வந்து, "நீங்க எழுதினது எல்லாம் பொய்தானே"ன்னு கேட்டா நான் எங்கே போய் முகத்தை வெச்சுக்குவேன்? அப்புறம் அவளுக்குப் படிக்கிறதுமேலயும் நம்பிக்கை போயிடும், நம்மமேலயும் போயிடும்.

— கதைன்னா பொய்தானே ருக்கு.

— கதைன்னு சொல்லிக் குடுத்தா கதை. ரகசியம்னு சொல்லிக் குடுத்தா?

— ம். நீ சொல்றது சரிதான்.

— என்ன, உடனே ஒத்துக்கிட்டீங்க?

— சண்டை போட மனசு வரலலா. உண்மையைச் சொல்லட்டா? இந்தக் கதை முடிஞ்சா அவளைவிட எனக்குத்தான் கஷ்டம். நாளெல்லாம் இந்தக் கடையில ஊர்ல உள்ளவங்களை எல்லாம் சுவத்தைப் பார்த்து எழுத்துப் படிங்க, எழுத்துப் படிங்கன்னு சொல்றவன், நானா உட்கார்ந்து ஒரு பக்கம் படிச்சுப் பதினஞ்சு வருஷம் இருக்கும். இப்போ அஞ்சு மணி ஆனா கை பரபரங்குது. கடைப் பையன் ரமீஸ்கிட்ட கடையை விட்டுட்டு ஓடி வர்றேனே, எதுக்குன்னு நினைக்கிறே? நீ என்ன எழுதியிருக்கேன்னு பார்க்கத்தான்.

— பிரியாணி ஆறிடும்னு வர்றீங்கன்னு நினைச்சேன்.

— பிரியாணி வெள்ளிக்கிழமைதானே. நான் தினமும்ல வர்றேன். நீ இப்படி எழுதுவேன்னு எனக்குத் தெரியாது ருக்கு. பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்ல இருக்கோம், தெரியவே தெரியாது.

— ஐயே, போதும். நான் என்ன பெரிசா எழுதிட்டேன்? நீங்க எழுதுறதுதான் நல்லா இருக்கு. எனக்கு மட்டும் என்னவாம்? சமையல் முடிஞ்சதும் ஃபோனைத் தூக்கி டிராயர்ல போட்டுட்டு நோட்டைத்தான் எடுக்கிறேன். வியாழக்கிழமை பக்கத்தைப் படிச்சுட்டு ரொட்டியைக் கருக விட்டேன்.

— வியாழக்கிழமை பக்கமா? நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். நீர்நாய் வடிவேலு மனைவியோட ஷவர் கேப்பைப் போட்டுக்கிட்டு லிஃப்ட்ல இறங்குது. நாலாவது மாடியில கமலம் ஆன்ட்டி ஏறி, "என்னம்மா, மார்க்கெட்டா"ன்னு விசாரிக்கிறாங்க. இது தலையை மட்டும் ஆட்டுது. நான் சோஃபாவுலேர்ந்து கீழ விழுந்துட்டேன். எப்படி உனக்கு இப்படி எல்லாம் தோணுது?

— எனக்கா? அது நீங்க எழுதினது.

— விளையாடாதே. வியாழக்கிழமை உன் முறை.

— என் முறைதான். ஆனா அன்னிக்குக் கிளினிக்ல கூட்டம், ஏழு மணிக்குத்தான் வந்தேன். எழுதலாம்னு நோட்டைத் திறந்தா பக்கம் ரெடியா இருந்துச்சு. பாவம், நான் லேட்டுன்னு நீங்க எழுதி வெச்சிருக்கீங்கன்னு நினைச்சு மனசுக்குள்ள உங்களை எவ்வளவு கொஞ்சினேன் தெரியுமா?

— அந்தக் கொஞ்சல் எல்லாம் வீணாப் போச்சே! நான் எழுதலலா. சத்தியமா.

— நோட்டைக் குடுங்க. இங்கே பாருங்க. செவ்வாய்க்கிழமை? நீர்நாய்க்குத் திங்கட்கிழமை ஆனா வயிறு வலிக்குது, ஏன்னா அன்னிக்கு முதல் பாடமே கணக்கு.

— அது நீதானே? யும்னாவைக் கிண்டல் பண்றேன்னு நினைச்சேன்.

— நீங்க கிண்டல் பண்றீங்கன்னு நான் நினைச்சேன். நேத்து? நேத்து உங்க முறை. நீர்நாய் பள்ளிக்கூட கேன்டீன் வரிசையில நிக்குது. முன்னால நிக்கிற பையன் வரிசையில புகுந்துட்டான்னு அவன் சட்டையில தண்ணியை உதறுது.

— நேத்து கடையில ஸ்டாக் எடுத்தேன் ருக்கு. பேனாவையே தொடல. அப்போ மூணு பக்கம்... நீயும் எழுதல, நானும் எழுதல.

— மச்சான்.

— ம்.

— நம்ம எழுத்து மாதிரியே எழுதியிருக்கா. சிவப்புப் பேனாவை எடுத்து, மேல "யும்னாவுக்குத் தெரியக் கூடாது"ன்னு அவளே எழுதியிருக்கா!

— அப்போ நீர்நாய் பொய்னு அவளுக்குத் தெரியும்.

— தெரிஞ்சுதான் என் கன்னத்துல முத்தம் குடுத்திருக்கா, கள்ளி.

— பொய்னு தெரிஞ்சா வடிவேலு வாசல்ல எதுக்கு இக்கான் பிலிஸ்?

— எதுக்கா? நாம நம்பணும்ல! அவ நம்புறான்னு நாம நம்பினாத்தானே மேல எழுதுவோம். யா அல்லாஹ், வெள்ளரித் துண்டு வரைக்கும் யோசிச்சிருக்கா பாருங்க.

— நீ எதுக்கு இப்போ அழறே?

— மூணு முழுப் பக்கம் மச்சான். தமிழ்ல. யாரும் சொல்லாம, ஸ்டிக்கர் ஒட்டாம. படிக்கவே மாட்டாள்னு சொன்ன பிள்ளை எழுதுறா. மாஷா அல்லாஹ். நான் அழுவேன், நீங்க பேசாம இருங்க.

— அழு, அழு. கண்ணாடிக் கடையில டிஷ்யூவுக்கா பஞ்சம்? ஏய், கண்ணைத் துடை, கண்ணைத் துடை. யாரோ வர்றாங்க. அட, தாரணி டீச்சர்! யும்னாவோட இந்த வருஷத் தமிழ் டீச்சர் இவங்கதான். வாங்க டீச்சர், உங்க கண்ணாடி நேத்தே ரெடி.

— வணக்கம் அஹ்சன் சார். அட, யும்னா அம்மாவும் இருக்கீங்களா? நல்லதாப் போச்சு. உங்க ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கணும்னு நினைச்சுக்கிட்டேதான் வந்தேன்.

— ஏன் டீச்சர், யும்னா ஏதாவது... வடிவேலு அண்ணன் பள்ளிக்கூடத்துக்கும் ஃபோன் பண்ணிட்டாரா?

— யாரு வடிவேலு?

— யாரும் இல்ல டீச்சர், ருக்கு சும்மா சொல்றா. நீங்க இந்தக் கண்ணாடியைப் போட்டுப் பாருங்க. காதுல அழுத்துதா? அந்த அட்டையில கடைசி வரி தெரியுதா?

— பளிச்சுனு தெரியுது சார். சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்க வகுப்புல இந்தத் தவணை ஒரு புதுத் திட்டம் ஆரம்பிச்சேன். வாசிக்கப் பிடிக்காதவங்களை வீட்ல வெச்சே வாசிக்கப் பழக்குறது. கட்டாயப்படுத்தக் கூடாது, திட்டக் கூடாது, ஆசை காட்டி இழுக்கணும். மூணு வாரம். அதுல உங்க வீட்ல நடந்ததுதான் முதல் இடம்.

— எங்க வீடா! ருக்கு, கேட்டியா? டீச்சர், வெட்கத்தை விட்டுச் சொல்றேன், அது முழுக்க எங்க ஐடியா. நானும் இவளும் ராத்திரி உட்கார்ந்து போட்ட பிளான்.

— அப்படியா சார்?

— ஆமா டீச்சர், அவர் சொல்றது நிஜம். எட்டுப் புத்தகம் வாங்கி வெச்சோம், தொடல. கெஞ்சினோம், மிரட்டினோம். கடைசியில படிக்கக் கூடாதுன்னு எழுதி வெச்சோம், மாட்டிக்கிட்டா. போன வருஷ டீச்சர் ஆர்வமே இல்லன்னு சொன்ன பிள்ளை, இன்னிக்கு எங்களுக்குத் தெரியாம மூணு பக்கம் எழுதியிருக்கா. உங்ககிட்ட நாங்களே வந்து சொல்லியிருக்கணும்.

— ஒரு நிமிஷம் ருக்சார். நீங்க யும்னாவைச் சொல்றீங்களா? யும்னாவுக்கு என்ன? ஜனவரியில வந்ததுலேர்ந்து என் வகுப்பு அலமாரியில ரெண்டு தட்டுப் புத்தகத்தையும் படிச்சு முடிச்சுட்டாளே.

— எங்க யும்னாவா? வீட்ல ஒரு புத்தகத்தைக் கூடத் திறக்கலையே!

— அதையும் கேட்டேன். "அம்மா எடுத்துட்டு வர்றது எல்லாம் பேபி புக்ஸ் டீச்சர், சொன்னா மனசு கஷ்டப்படுவாங்க"ன்னா.

— பேபி புக்ஸா? யா அல்லாஹ்... அட்டையில யானை படம் அழகா இருக்குன்னு எடுத்துட்டு வந்தேன் டீச்சர்.

— அப்போ அந்த வாசிக்கப் பிடிக்காதவங்க யாரு டீச்சர்? எங்க வீட்ல மொத்தமே மூணு பேர்தான்.

— இந்தப் படிவத்துல இருக்கு சார். ஒவ்வொரு பிள்ளையும் தான் யாரைப் பழக்கினோம்னு எழுதி, வீட்ல கையெழுத்து வாங்கிக் குடுக்கணும். யும்னா என்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டா. "நான் காட்டினா வெட்கப்படுவாங்க டீச்சர், நீங்க கண்ணாடி வாங்கப் போறப்போ பக்குவமாக் குடுங்க"ன்னு சொன்னா. இந்தாங்க.

— குடுங்க டீச்சர், நான் படிக்கிறேன். "என் மாணவர்கள்: அஹ்சன், ருக்சார். வயது: நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு."

— நாமளா?

— இருங்க மச்சான், முழுசாப் படிக்க விடுங்க. "சிக்கல்: இருவருக்கும் தமிழ் நன்றாகத் தெரியும். ஆனால் வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியை மட்டும்தான் பார்ப்பார்கள். செய்த முயற்சி: ரகசிய நோட்டை நான் படிப்பது அவர்களுக்குத் தெரியட்டும் என்று பாதி ஐஸ்கிரீமைச் சாப்பிட்டேன்."

— வேணும்னே சாப்பிட்டாளா!

— "உடனே இருவரும் கதை எழுத ஆரம்பித்துவிட்டார்கள். களைத்துப்போகும் நாளில் அவர்களுக்காக நானே எழுதி வைத்தேன். இப்போது அத்தா அதைப் படிக்கவே சீக்கிரம் வீட்டுக்கு வருகிறார், அம்மா படித்துவிட்டுத் தனியாகச் சிரிக்கிறார்."

— நிறுத்திட்டியே ருக்கு. இன்னும் ஒரு வரி இருக்கு பாரு.

— "நல்ல முன்னேற்றம் தெரிகிறது. பயப்பட மாட்டார்கள் என்றால், அடுத்த மாதம் இருவருக்கும் ஒரு முழுப் புத்தகம் கொடுத்துப் பார்க்கலாம் டீச்சர்."